கனைப்பியல்: கூடி வாசிக்கும் குழுவில் ஒருவர் சேரும் கணம் குறித்த பூர்வாங்க ஆராய்ச்சி

கம்பன் எந்தக் காலத்தவன் என்று தீர்மானிப்பதற்குத் தமிழறிஞர்கள் செலவிட்ட மை கம்பன் செலவிட்ட மையைக் காட்டிலும் அதிகம். இது மிகையன்று, கம்பன் ஓலையில் எழுத்தாணியால் கீறியவன், மையே செலவிட்டிருக்க மாட்டான். ஆகவே அந்தப் பெருமை முழுவதும் அறிஞர்களையே சேர்கிறது. தனிப்பாடல் ஒன்று சகம் 807 என்று சொல்வதைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டு என்பார் ஒரு சாரார். பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பார் மறுசாரார். இடைப்பட்ட முந்நூறு ஆண்டு வெளியில் பல முனைவர் பட்டங்கள் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன. ஆனால் அதே கம்பனை ஊர்தோறும் பத்துப் பேர் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து, ஆளுக்குச் சில பாடலாக வாய்விட்டு வாசிக்கிறார்களே, அந்தக் குழுவில் ஒரு மனிதர் சரியாக எந்தக் கணத்தில் சேர்கிறார் என்ற கேள்வியை எவரும் எழுப்பியதில்லை. வந்தார் என்கிறார்கள், சேர்ந்தார் என்கிறார்கள். வருவதற்கும் சேர்வதற்கும் இடையில் ஒரு கணம் இருந்தாக வேண்டும். அந்தக் கணம் எது? புதியவர் தம் முறை வந்ததும், முதற் பாடலை எடுப்பதற்கு முன், தொண்டையைச் செருமிக்கொள்கிறாரே, அந்தக் கனைப்புதான் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு முன் இதை யாரும் சொல்லவில்லை என்பதே இது உண்மை என்பதற்கு முதற் சான்று.

ஆய்வின் எல்லையை வகுக்காமல் ஆய்வைத் தொடங்குவது மரபன்று. வகுத்த எல்லைக்குள் நிற்பதும் மரபன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடக்கும் கந்தபுராண படனத்தில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். அங்கே இருவர் தொண்டை சம்பந்தப்பட்டிருப்பதால் விஷயம் சிக்கலானது. ஈழத்து ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம். திருவாசக முற்றோதலில் 51 பகுதிகளில் அமைந்த 658 பாடல்களையும் ஒரே நாளில், பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்தே ஓதி முடிக்கிறார்கள். கூட்டக் குரலில் யாருடைய கனைப்பு யாருடையது என்று பிரித்தறிய முடியாது. எனவே இதுவும் விலக்கு. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பவர் ஒருவரே, மற்றவர் கேட்பவர். பட்டிமன்றத்தைச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். பட்டிமன்றத்துக்கு நூல் தேவைப்படுவதில்லை. ஆக நம் ஆய்வுக்குத் தகுந்த களம் கம்பராமாயணத்தை முறைவைத்து வாசிக்கும் குழுவே. பாடல் பத்தாயிரத்துக்கு மேல்; யுத்த காண்டம் மட்டுமே நாலாயிரத்தைத் தாண்டும். வாரம் 50 பாடல் என்று ஓடினாலும் நூல் முடிய 200 வாரத்துக்கு மேல் ஆகும். ஏறக்குறைய நான்கு ஆண்டு. பல இளங்கலைப் படிப்புகள் இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுவதால் இதில் ஒருவர் எப்போது சேர்ந்தார் என்பது அற்ப விஷயமாகாது.

நம் கொள்கையை நிறுவுமுன் பிறர் கொள்கைகளை மறுக்க வேண்டும். மறுப்பதற்குப் பிறர் இல்லாவிட்டால் அவர்களை உண்டாக்கிக்கொள்வது உரையாசிரியர் காலம் தொட்டு வரும் வழக்கம். முதலாவது, வருகைப் பதிவேட்டுக் கொள்கை. பதிவேட்டில் கையெழுத்திட்ட கணமே சேர்ந்த கணம் என்பர் இவர்கள். மழைக்கு ஒதுங்கியவரும், பக்கத்து அறையில் நடக்கும் சர்க்கரை நோய் முகாமுக்கு வழி தவறி வந்தவரும் அதே பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள் என்பதை இவர்கள் கவனித்திலர். இரண்டாவது சந்தாக் கொள்கை. பொருளாளர்களைத் தவிர வேறு எவரும் இதை ஏற்பதில்லை. மூன்றாவது சுண்டல் கொள்கை. இதற்கு மக்கள் ஆதரவு பலமாக இருந்தாலும், சுண்டல் தீர்ந்தபின் வந்தவரின் நிலை என்ன என்ற ஒரே கேள்வியில் சரிந்துவிடுகிறது. நான்காவது நாற்காலிக் கொள்கை. இது கொஞ்சம் கௌரவமானது. ஒருவர் தொடர்ந்து ஒரே நாற்காலியில் உட்காரத் தொடங்கி, வேறொருவர் அதில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கும் நிலை வந்துவிட்டால் அவர் சேர்ந்துவிட்டார் என்பர். மதுரைச் சங்கப் பலகை தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்து வளர்ந்தது என்ற கதையை இதற்கு மேற்கோள் காட்டுவர். நம் காலத்து நாற்காலியோ பிளாஸ்டிக். தகுதி பார்ப்பதில்லை, வளர்வதுமில்லை, கால் அகன்று உட்காருவதோடு சரி. தவிர, அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும் இரண்டெழுத்துச் சாசனத்தை (முதலெழுத்து தெளிவு, இரண்டாம் எழுத்தின் சுழி உராய்வால் சிதைந்துள்ளது) வாசித்தால், அந்த நாற்காலி பந்தல் கடைக்குச் சொந்தம் என்று விளங்குகிறது. பிறர் சொத்தில் உரிமை கொண்டாடுவது ஆக்கிரமிப்பு ஆகுமேயன்றிச் சேர்தல் ஆகாது.

இனி நம் கொள்கை. புதியவரின் முறை வரும் தருணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தம் ஐந்தாம் பாடலை முடித்து, புத்தகத்தைத் தாழ்த்தி, பார்வையால் "நீங்க" என்கிறார். புதியவர் நெற்றிக்கு ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்குகிறார். ஆள்காட்டி விரல் பாட்டு எண்ணைத் தேடிப் பிடிக்கிறது. பிடித்த விரல் எடுபடுவதில்லை. உதடு ஒருமுறை திறந்து மூடுகிறது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் வருகிறது அது: முதலில் மெல்லியதாக ஒன்று, போதாது என்று பட்டதும் கொஞ்சம் கனமாக இன்னொன்று. அந்த இரண்டாம் கனைப்புக்கு முன்வரை எழுந்து போய்விடலாம். தொலைபேசி வந்ததாக நடிக்கலாம். "நான் கேட்கத்தான் வந்தேன்" என்று சொல்லலாம். கனைத்தபின் இவை எதுவும் கூடாது. கனைத்துவிட்டு வாசிக்காமல் இருப்பது வாசித்துவிட்டுத் தப்பு விடுவதைவிடப் பெரிய அவமானம் என்று எல்லா மனிதருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. திரும்பிப் போகும் வழி அடைபடும் கணத்தையே சேரும் கணம் என்கிறோம்.

தொல்காப்பியர் இதைச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்காமல் தமிழில் எந்த ஆய்வும் மேலே நகரக் கூடாது. சொல்லியிருக்கிறார். பிறப்பியலின் முதல் நூற்பாவில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு கூடி எட்டு வகையால் எழுத்தாகிறது என்கிறார். மிடற்றைச் சொன்னவர் மிடற்றைச் செருமுவதைச் சொல்லவில்லையே எனின், சொல்லாததால் சொன்னார் என்க. நம் உரையாசிரியர்கள் ஒரு நூற்பாவில் மிகையாக ஒரு சொல்லோ ஓர் உம்மையோ தென்பட்டால், நூலில் இல்லாத ஒரு விதியை அதற்குள் புகுத்தி "இலேசினால் கொள்க" என்று எழுதிவிடுவார்கள். மிகையான சொல்லால் இல்லாத விதி வரும் என்றால், இல்லாத சொல்லால் எவ்வளவு விதி வரும் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். இந்த வழியில் சென்றால் தொல்காப்பியத்தில் ராக்கெட் இருக்கிறதா என்று தேடுபவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன என்று ஒரு கேள்வி எழலாம். வேறுபாடு உண்டு. ராக்கெட் வாசிப்பு அறையில் இல்லை, கனைப்பு இருக்கிறது.

கனைப்பின் வகைகளை மெய்ப்பாட்டியலைக் கொண்டு பகுப்பதே முறை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களனில் பிறப்பதால் முப்பத்திரண்டு. நன்னூல் கூறும் உத்திகளும் முப்பத்திரண்டு. இது தற்செயல் என்று கருதுபவருக்கு ஆய்வாளராகும் தகுதி இல்லை. இந்த முப்பத்திரண்டில் பெரும்பாலானவற்றை இடமின்மை கருதி விடுகிறோம் (உண்மையில் அவை கிடைக்கவில்லை). நகைக் கனைப்பு: சூர்ப்பணகைப் படலத்தில் வரும். அழுகைக் கனைப்பு: நகர் நீங்கு படலம், கைக்குட்டையோடு சேர்த்துக் கொள்க. வெகுளிக் கனைப்பு: இடையில் கைப்பேசி ஒலித்தால். உவகைக் கனைப்பு: வெளியே தேநீர் வந்துவிட்ட ஓசை கேட்டால். இளிவரல் கனைப்பு அடுத்தவர் ழகரத்தைப் பிழையாக உச்சரிக்கும்போது பிறப்பது. இதைப் பிறப்பிப்பவர் தம் முறை வருகையில் அதே ழகரத்தை எப்படி ஒலிக்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது. பெருமிதக் கனைப்பு ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களுக்கே உரியது. அது வாசிப்புக்கு முன்னும் வரும், பின்னும் வரும், சில வேளைகளில் வாசிப்புக்குப் பதிலாகவும் வரும். மருட்கைக் கனைப்புக்கு எடுத்துக்காட்டு வந்துழிக் காண்க.

எஞ்சிய அச்சக் கனைப்பே நம் ஆய்வின் உயிர்நிலை என்பதால் அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து ஆராய வேண்டும். தொடக்கம் என்றால் முதற்சங்கம். இறையனார் களவியல் உரை தரும் கணக்கின்படி முதற்சங்கத்தில் பாடியவர் 4449 பேர். சங்கம் இருந்தது 4440 ஆண்டு. இடைச்சங்கத்தில் 3700 பேர், 3700 ஆண்டு. கடைச்சங்கத்தில் 449 பேர், 1850 ஆண்டு. இந்த எண்களை மெய்யா பொய்யா என்று விவாதித்தே ஒரு நூற்றாண்டைக் கழித்துவிட்டார்கள்; வகுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வகுத்தால் முதற்சங்கத்தில் ஒரு புலவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஒன்பது பேர் மிகை என்பதால் ஓராண்டுக்குச் சற்றே குறைவு. இடைச்சங்கத்தில் மிகச் சரியாக ஓராண்டு. வரவு செலவு பிசகாத ஒரே தமிழ் அமைப்பு அதுவாகத்தான் இருக்கும். கடைச்சங்கத்திலோ ஒரு புலவருக்கு நான்கு ஆண்டுக்கு மேல். பாடிய பாட்டுகளின் நீளத்தைப் பார்த்தால், குறுந்தொகை நாலடி முதல் எட்டடி. நாலடிப் பாட்டைப் பாட நான்கு ஆண்டு எதற்கு? பாட்டுக்கு முந்தைய காலம் முழுவதும் கனைப்புக்கே சென்றிருக்க வேண்டும் என்பது வெளிப்படை. மேலும், ஓராண்டாக இருந்தது நான்கு ஆண்டாக வளர்ந்திருப்பதால் காலப்போக்கில் தமிழரிடையே அவையச்சம் நான்கு மடங்கு பெருகியது என்றும் கொள்ளலாம். இதே வேகத்தில் இன்றுவரை வளர்ந்திருந்தால் எந்த வாசிப்புக் குழுவும் பாயிரத்தைத் தாண்டியிருக்காது. பல குழுக்கள் தாண்டவில்லை என்பது நம் கணக்கின் துல்லியத்தைக் காட்டுகிறது.

இந்த முடிவுக்கு நூற்சான்று என்ன என்று கேட்பார்கள். உண்டு. முதற்சங்கத்தார்க்கு இலக்கணமாயிருந்த கனைப்புநூல் என்று ஒரு நூல் இருந்தது. அது கிடைக்கவில்லை, கடல் கொண்டது. அந்நூலுக்கு எழுந்த உரையும் கிடைக்கவில்லை; அதையும் கடல் கொண்டது, வேறொரு சமயத்தில். அவ்வுரையை மறுத்து உரைகாரரின் மாணாக்கர் எழுதிய மறுப்பைக் கரையான் கொண்டது. மறுப்பை மறுத்து உரைகாரரே எழுதிய கனைப்புச் சூறாவளியின் ஒரே பிரதி ஒரு மடத்து ஏட்டுக் கட்டில் இருந்ததாகவும், அதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதாகவும், விட்டவர் அப்போது ஒருமுறை கனைத்ததாகவும் செவிவழிச் செய்தி. மறுப்பு எழுந்ததால் உரை இருந்தது, உரை இருந்ததால் நூல் இருந்தது, நூல் இருந்ததால் அது அழிந்தது, அழிந்ததால் பழமையானது. கிடைத்திருந்தால் அதன் காலத்தைப் பின்னுக்குத் தள்ள எவராவது கிளம்பியிருப்பார். கிடைக்காத நூலின் காலத்தை எவராலும் குறைக்க முடியாது. தமிழ் ஆராய்ச்சியில் இதைவிட உறுதியான ஆதாரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிற்காலச் சான்றும் உண்டு. திருவரங்கத்தில் கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியபோது இரணியன் வதைப் படலம் வந்தது. இராமகதையில் நரசிங்கத்துக்கு என்ன வேலை என்று அவையில் இருந்தவர்கள் ஆட்சேபிக்க, அருகிலிருந்த மேட்டழகிய சிங்கர் சந்நிதியிலிருந்து சிங்கம் கர்ச்சித்துத் தலையசைத்துச் சம்மதம் தெரிவித்தது என்பது ஐதிகம். பக்தர்கள் அதைக் கர்ச்சனை என்பர். வாசிப்பின் நடுவே, வாசிப்பவரல்லாத ஒருவரிடமிருந்து, சொல் வடிவம் பெறாமல், மிடற்றிலிருந்து பிறந்த ஓசைக்கு நம் துறையில் என்ன பெயர் என்பதை வாசகரே ஊகிக்கலாம். தெய்வமே தமிழ் வாசிப்புக் குழுவில் சேர்ந்தது அந்த வழியாகத்தான். சந்தா செலுத்தியதாகக் குறிப்பு இல்லை.

அற்றேல், சளி பிடித்தவர் இருமுவதும் சேர்தல் ஆகுமோ எனின், ஆகாது. சளியால் வரும் இருமல் வாசிப்பவர் யாராயிருந்தாலும் வரும். யுத்த காண்டத்துக்கும் மின்கட்டண ரசீதுக்கும் வேறுபாடு பாராட்டாது. கனைப்போ தம் முறை வந்தால் மட்டும் வருவது. பயிற்சி பெற்ற ஓதுவார்கள் கனைக்காமலே எடுத்துவிடுகிறார்களே எனின், அவர்கள் வீட்டிலேயே கனைத்துவிட்டு வருகிறார்கள். வாசிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதும் எவரும் இந்த இடத்தில் நாலாம் நூற்றாண்டு மிலான் நகர ஆயர் அம்புரோசை அழைத்து வந்துவிடுவது வழக்கம். அவர் உதடசையாமல் கண்ணால் மட்டும் வாசித்ததைப் பார்த்து அகுஸ்தீனார் வியந்து எழுதிவைத்தார் அல்லவா? அவரும் வந்துவிட்டார், வணக்கம், உட்காரட்டும். வாய்விட்டு வாசிக்காதவர் நம் குழுவில் சேர முடியாது. ஆனால் பக்கத்தில் ஒரு மனிதர் ஓசையில்லாமல் புத்தகம் படித்தால் அது எப்பேர்ப்பட்ட அதிசயமாகத் தெரிந்திருக்கிறது என்பது நமக்குச் சாதகமான செய்தி.

வலுவான ஆட்சேபம் உருத்திரசன்மனிடமிருந்து வருகிறது. இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர்கள் தனித்தனியே உரை கண்டனர். எது மெய்யுரை என்று தீர்க்க ஐந்து வயதான ஊமைச் சிறுவனாகிய இந்த உருத்திரசன்மனை உட்காரவைத்து, ஒவ்வொருவராக வாசித்துக் காட்டினர். நக்கீரர் உரையைக் கேட்டபோது மட்டும் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது கதை. தமிழில் பதிவாகியிருக்கும் மிகப் பழைய வாசிப்புக் கூட்டங்களில் இது ஒன்று. அதன் நாயகனோ கனைக்கவே இல்லை, கனைக்கவும் முடியாதவன். அவன் குழுவில் சேரவில்லை என்பீரோ என்று கேட்டால் நம் கொள்கை ஆட்டம் காண்பதுபோல் தோன்றும். ஆட்டம் காணாது. அவன் நடுவன், நடுவன் சேர்வதில்லை. தவிர, ஏனையோரில் பெரும்பாலோர் உரையைக் கேட்டபோது அவன் சும்மா இருந்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் சும்மா இருந்து கேட்ட ஒரு தமிழ் ஆர்வலர் அதற்குப் பிறகு பிறக்கவில்லை. ஆகவே அவனை வைத்துப் பொது விதி செய்ய முடியாது.

கனைப்பு வெறும் அச்சத்தின் விளைவு என்று இதுவரை சொன்னதை வைத்து எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே கோடு. ஏட்டை வாய்விட்டு வாசிப்பவர் எழுத்தைப் பார்த்து ஒலிக்கவில்லை; பொருளைக் கண்டு, அதிலிருந்து எழுத்தைத் தீர்மானித்து, பிறகே ஒலித்தார். அச்சு வந்தபின் புள்ளி வந்தது. ஆனால் சீர் பிரித்து அச்சிட்ட பாட்டில் சொல் எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவரே கண்டாக வேண்டும். செம்பொன்பதின்றொடி என்ற இலக்கணக்காரர்களின் பழைய எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டால், பிரிக்கும் இடம் சற்றுத் தள்ளிப்போனால் பத்துத் தொடிப் பொன் ஒன்பது தொடிச் செம்பாகிவிடும். மௌனமாகப் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடலாம், புரிந்ததாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. ஒன்பது பேர் நடுவில் வாய்விட்டு வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. மூச்சு எங்கே விடுகிறார் என்பதிலேயே அவருக்குப் பாட்டு புரிந்ததா இல்லையா என்பது அம்பலமாகிவிடும். கனைக்கும் அந்த இரண்டு நொடியில் அவர் கண் முதலடியைத் தாண்டி இரண்டாம் அடிக்கு ஓடி, எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய நூல்களைப் பதம் பிரித்து, மலிவு விலையில் அச்சிட்டார். அவ்வகைப் பதிப்பை வைத்திருப்பவரின் கனைப்பு குறுகியும், பதம் பிரிக்காத பழம்பதிப்பை வைத்திருப்பவரின் கனைப்பு நீண்டும் அமைவது இதனால்தான். பழம்பதிப்பே உயர்ந்தது என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் அதை வாசிக்கும் முறை தமக்கு வராதபடி உட்காருவார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

பதிப்பு என்றதும் "எந்தப் பாட்டு?" என்ற வினா நினைவுக்கு வரும். குழுவில் நால்வரிடம் நான்கு பதிப்பு. ஒன்று வை.மு.கோபாலகிருஷ்ணமாசாரியார் உரை, ஒன்று கம்பன் கழகப் பதிப்பு, ஒன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தடித்த தொகுதி, ஒருவர் கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு மூலமாக இருப்பது இன்னொருவருக்கு மிகைப்பாடல் என்று பின்னிணைப்பில் இருக்கும். ரசிகமணி டி.கே.சி. வழி வந்தவர் ஒருவரும் இருந்துவிட்டால், அந்தப் பாட்டே கம்பன் பாட்டில்லை என்பார். நெல்லையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் ஒரு நல்ல பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தார்கள் என்றால், நம் குழுக்களில் ஒரு பாட்டின் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். "எந்தப் பாட்டு?" என்று கேட்பவர் இரண்டு நொடியை இரண்டு நிமிடமாக நீட்டிக்கொள்கிறார், அந்த நேரத்தில் பாட்டு முழுவதையும் கண்ணால் ஒருமுறை முடித்துவிடுகிறார். ஆகவே இதையும் கனைப்பின் பாற்படுத்தி, சொற்கனைப்பு என்று பெயரிடுகிறோம். இது தனி வகையா, அச்சக் கனைப்பின் உட்பிரிவா என்பதில் நம்முள்ளேயே இரு கட்சி உண்டு. இரு கட்சியிலும் ஆள் ஒருவரே என்பதால் விரைவில் கருத்தரங்கு கூட்டப்படும். தலைமையுரை, வாழ்த்துரை, நோக்கவுரை, நன்றியுரை ஆகியவற்றுக்கு நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வுரை.

கடைசியாக ஒரு சிக்கல். முறை வந்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கி, பாட்டைக் கண்டுபிடித்து, முறைப்படி இருமுறை கனைத்து, அவை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தபின், "நீங்களே படிங்க சார், உங்க குரல்ல கேட்டாத்தான் நல்லாருக்கும்" என்று புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுபவர் உண்டு. நம் விதிப்படி அவர் சேர்ந்தவர், ஏனெனில் கனைத்தார். ஆனால் திரும்பிப் போகும் வழி அடைபடும் என்று சொன்னோம். அவரோ அந்தச் சுவரிலேயே கதவு வைத்து வெளியேறிவிட்டார். இவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினால் கொள்கை பிழைக்கும், குழு பிழைக்காது. நீக்காவிட்டால் குழு பிழைக்கும், கொள்கை பிழைக்காது. குழுக்களின் நடைமுறையோ இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டிருக்கிறது. இப்படிப்பட்டவரை ஒரு வரியும் வாசிக்காத ஆயுள் உறுப்பினராக வைத்துக்கொண்டு, யுத்த காண்டம் தொடங்கும் வாரத்தில் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்; நிறைவு விழா மலரில் கம்பன் காலம் குறித்த கட்டுரை அவருடையதாக இருக்கும்.